ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வரும்?

மாதம் பிறந்ததும் எழுதும் மளிகைச் சீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கூடும், குறையும். விருந்தாளி வந்தால் துவரை ஒரு கிலோ ஏறும். பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தால் எண்ணெயில் ஒரு லிட்டர் கழியும். உப்பு மட்டும் கடைசி வரியில், யோசனையே இல்லாமல், ‘1 பாக்கெட்’ என்று விழும். அம்பத்தூரிலோ ஆவடியிலோ நான்கு பேர் உள்ள ஒரு வீடு. அந்த ஒரு கிலோ பாக்கெட் ஒரு மாதத்தில் தீர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு அம்மாவிடம் கேட்டால், “நாங்க உப்பு கம்மியாத்தான் போடுவோம்” என்பார். மனதறிந்து அவர் பொய் சொல்லவில்லை. பாக்கெட் வேறு கணக்கு சொல்கிறது.

ஆயிரம் கிராமை முப்பது நாளுக்கு வகுத்து நான்கு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 8.3 கிராம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குள். தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. காலையில் இட்லி மாவில் கரைந்தது முதல் ராத்திரி மோரில் கலக்கியது வரை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அப்படி அடங்கினால் அதே பாக்கெட் 50 நாள் வரும்.

இந்தச் சமையலறைக் கணக்கில் ஓட்டைகளும் உண்டு. மீன் அலச ஒரு கைப்பிடி போகிறது, மிஞ்சிய குழம்போடு கொஞ்சம் சாக்கடைக்குப் போகிறது. எதிர்ப்பக்கத்தில், தொழிற்பேட்டை வாசலில் தின்ற பஜ்ஜியும் பூந்தமல்லி ஓட்டலில் சாப்பிட்ட பரோட்டா சால்னாவும் பாக்கெட்டின் கணக்கிலேயே வராது. அப்படியானால் ஒரு மனிதர் உண்மையில் எவ்வளவு உப்பு தின்கிறார் என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? அவரையே கேட்கலாம். ஆனால் குழம்பில் எத்தனை கிராம் உப்பு இருந்தது என்று எந்த நாக்கும் எண் சொல்லாது.

வழி, கொஞ்சம் கூச்சமான வழி, சிறுநீரில் இருக்கிறது. உப்பு என்பது சோடியமும் குளோரைடும் சேர்ந்தது. எடையில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். தின்ற சோடியத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில்தான் வெளியேறுகிறது. ஆகவே ஒரு முழு நாளின் சிறுநீரைச் சேர்த்து அதிலுள்ள சோடியத்தை அளந்தால் உள்ளே போன உப்பு தெரிந்துவிடும். இதற்கு ‘24 மணி நேரச் சிறுநீர்ச் சேகரிப்பு’ என்று பெயர். காலையில் முதலில் கழிப்பதை விட்டுவிட்டு, அதன் பிறகு மறுநாள் காலை வரை ஒரு துளி விடாமல் கேனில் பிடிக்க வேண்டும். ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலுக்கு வேலைக்குப் போகிறவர் அந்தக் கேனையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், உப்பு ஆராய்ச்சியில் நல்ல தரவு ஏன் அரிது என்பது புரியும்.

சென்னைவாசிகளின் உணவை விசாரித்து, சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி உப்பு நாளுக்கு 8.5 கிராம் என்று வந்தது. மளிகைச் சீட்டுக் கணக்குக்கு வெகு பக்கத்தில்தான். உப்பு அதிகம் தின்றவர்களிடையே ரத்தக்கொதிப்பும் அதிகமாக இருந்தது. நாடு முழுதுக்குமாக இன்று சுட்டப்படும் எண்கள்: நகரத்தில் 9.2 கிராம், கிராமத்தில் 5.6 கிராம்.

இந்த எண்களை முன்வைத்து இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் நிறுவனம், அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கம் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பிலேயே இருக்கிறது. தேசிய கொள்ளைநோயியல் நிறுவனம் என்பது பெயர். கொள்ளைநோயியல் என்றால் காலரா, பிளேக் மட்டும் என்று எண்ண வேண்டாம். ஒரு நோய் யாருக்கு, எங்கே, ஏன் கூடுதலாக வருகிறது என்று ஊர்க்கணக்கில் ஆராயும் துறை அது. நோயாளியைத் தனியாகப் பார்ப்பவர் மருத்துவர் என்றால், தெருவையே நோயாளியாகப் பார்ப்பவர் கொள்ளைநோயியலார். ஆவடியில் இயங்கிய தொழுநோய்க் களப்பிரிவையும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் இணைத்து 1999 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை உருவாக்கியது. தொழுநோயாளிகளைத் தேடி வீடு வீடாக நடந்த மரபிலிருந்து வந்த நிறுவனம், இன்று உப்பு டப்பாவைத் தேடி வீட்டுக்குள் வருகிறது.

உப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? ‘பி.பி. இருந்தா உப்பைக் குறைங்க’ என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. விடையின் முதல் பாதி மாவடு ஜாடியில் இருக்கிறது. கொட்டிய பிஞ்சு மாங்காயின் மேல் கல் உப்பைப் போட்டுக் குலுக்கி வைக்கிறார்கள். தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. சில நாளில் பார்த்தால் மாங்காய் சுருங்கியிருக்கும், ஜாடியில் நீர் விட்டிருக்கும். உப்பு இருக்கும் பக்கத்துக்கு நீர் நகர்கிறது. இதைத்தான் பள்ளிக்கூடத்தில் ‘சவ்வூடு பரவல்’ என்று படித்தோம்.

உடம்புக்குள்ளும் அதே விதி. தின்ற சோடியம் பெரும்பாலும் செல்களுக்கு வெளியே, ரத்தத்திலும் திசுக்களின் இடைநீரிலும் தங்குகிறது. அந்தத் திரவத்தின் உப்புச் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் என்று உடல் கறாராகக் காக்கிறது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் ‘0.9 சதவீதம்’ என்று போட்டிருப்பது இதனால்தான். கல்யாணச் சாப்பாடு, அப்பளம், ஊறுகாய் என்று 9 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போனால், செறிவைச் சமன்செய்ய ஒரு லிட்டர் நீர் தேவை. தாகம் எடுக்கிறது, குடிக்கிறோம். குழாய் அதே குழாய்; உள்ளே ஓடும் நீர் மட்டும் கூடிவிட்டது.

கூடியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடாதா? வெளியேற்றும். கதையின் இரண்டாம் பாதி அங்கேதான். ஒரு நாளில் சிறுநீரகங்கள் இரண்டும் வடிகட்டும் திரவம் சுமார் 180 லிட்டர். அதில் கரைந்திருக்கும் உப்பு ஒன்றரைக் கிலோ. ஒன்றரை மாத மளிகை! அதில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைத்தான் வெளியே விடுகின்றன. உப்பே கிடைக்காத காடுகளில் மனித இனம் வாழ்ந்த காலத்தில் உருவான கஞ்சத்தனம் அது. அண்ணாச்சி கடையில் ஒரு கிலோ பாக்கெட் கிடைக்கும் என்று சிறுநீரகத்துக்கு யாரும் சொல்லவில்லை.

பூந்தமல்லிக்காரர்களுக்கு இதைச் சொல்ல செம்பரம்பாக்கம் போதும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் அவர்கள் செய்தியில் முதலில் தேடுவது, 24 அடியில் இன்று எத்தனை அடி என்பதைத்தான். ஓர் ஏரிக்கு நாள்தோறும் ஒரே அளவு நீர் வந்துகொண்டிருக்கிறது, மதகு வழியே அதே அளவு வெளியேறுகிறது என்றால் மட்டம் ஒரே இடத்தில் நிற்கும். மதகில் மண் அடைத்துக்கொண்டால்? வெளியேறுவது குறையும், மட்டம் ஏறும். ஏறிய மட்டத்தின் அழுத்தத்தால், அடைபட்ட மதகு வழியாகவும் பழைய அளவு நீர் வெளியேறத் தொடங்கியதும் ஏற்றம் நிற்கும். வரவும் செலவும் மறுபடி சமம்தான். ஆனால் ஏரி இப்போது முன்னைவிட இரண்டடி உயரத்தில் நிற்கிறது.

சிறுநீரகம் அந்த மதகு, ரத்த அழுத்தம் அந்த நீர்மட்டம். அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் கூடுதல் உப்பைத் தள்ளும். ‘அழுத்தவழி உப்பகற்றல்’ என்று இதைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்க உடலியங்கியலர் ஆர்தர் கைட்டன் இந்தக் கருத்தை விரிவாக வளர்த்தார். மதகு சுத்தமாக இருப்பவர் 10 கிராம் தின்றாலும் அழுத்தம் அவ்வளவாக ஏறாமல் வெளியேற்றிவிடுகிறார். வயதானாலோ, பரம்பரை அப்படி அமைந்தாலோ, சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தொட்டாலோ மதகு அடைபடுகிறது. அன்றாட உப்பை வெளித்தள்ளவே அழுத்தம் உயர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. ‘எங்க தாத்தா கருவாடும் ஊறுகாயுமா தின்னு தொண்ணூறு வயசு இருந்தார்’ என்ற கதை உண்மையாகவே இருக்கலாம். தாத்தாவின் மதகு அப்படி. பேரனுக்கும் அதே மதகு வாய்த்ததா என்பதுதான் கேள்வி. ரத்தக்குழாய்ச் சுவர் விறைப்பது போன்ற வேறு வழிகளிலும் உப்பு வேலை செய்கிறது. ஏரி உவமை முழுக் கதையையும் சொல்லிவிடாது.

உவமை அழகாக இருப்பதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது. ஆதாரம் வேண்டும். 1988இல் வெளியான ‘இன்டர்சால்ட்’ ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களில் 10,079 பேரிடம் அந்த 24 மணி நேரக் கேனைக் கொடுத்து வாங்கியது. டெல்லியும் லடாக்கும் அதில் உண்டு. பிரேசில் காட்டில் வாழும் யானோமாமி பழங்குடியினரின் சிறுநீரில் சோடியம் கிட்டத்தட்ட இல்லை. அவர்களின் சராசரி ரத்த அழுத்தம் 95/61. வயது ஏறினால் பிரஷரும் ஏறும் என்று நாம் இயற்கை விதிபோல நம்புகிறோமே, அது அவர்களிடம் நடக்கவில்லை.

ஆனால் யானோமாமியிடம் உப்பு மட்டுமா இல்லை? தொந்தியும் இல்லை, அலுவலக நாற்காலியும் இல்லை. அவர்களையும், அவர்களைப் போல உப்பு மிகக் குறைந்த வேறு மூன்று குழுக்களையும் நீக்கிவிட்டுப் பார்த்தபோது, ஊருக்கு ஊர் சராசரி அழுத்தத்துக்கும் உப்புக்கும் இருந்த தொடர்பு மங்கியது. வயதோடு அழுத்தம் ஏறும் வேகத்துக்கும் உப்புக்கும் இருந்த தொடர்பு மட்டும் நிலைத்தது. இதை வைத்து விஞ்ஞானிகள் பல வருடம் சண்டை போட்டார்கள். நியாயமான சண்டைதான். ஊர்களை ஒப்பிடுவது துப்பு தரும்; தீர்ப்பு தராது.

தீர்ப்புக்கு ‘குலுக்கல்முறைச் சோதனை’ வேண்டும். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால், தொந்தியும் நாற்காலியும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பரவிவிடும். மிஞ்சும் வேறுபாடு உப்பினுடையது. அமெரிக்காவில் 412 பேருக்கு எல்லாச் சாப்பாட்டையும் ஆய்வாளர்களே கொடுத்து, மூன்று அளவு உப்பில் ஒவ்வொன்றையும் 30 நாள் சாப்பிட வைத்தார்கள். முடிவு 2001இல் வந்தது. உப்பு ஒரு படி இறங்க, அழுத்தமும் ஒரு படி இறங்கியது. பிரஷர் இல்லாதவர்களுக்கும்.

அதைவிடப் பெரிய சோதனை வட சீனாவின் கிராமங்களில் நடந்தது. 600 கிராமங்கள், 20,995 பேர். பக்கவாதம் ஏற்கெனவே வந்தவர்கள், அல்லது அறுபது தாண்டிய ரத்தக்கொதிப்புக்காரர்கள். பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பு. மீதிக் கிராமங்களுக்கு, நூற்றில் 25 பங்கு சோடியம் குளோரைடை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்த உப்பு.  முக்கியமாக, டப்பாவில் இருந்ததைத்தான் மாற்றினார்கள். ஏறக்குறைய ஐந்து ஆண்டுக்குப் பிறகு, 2021இல், முடிவு: பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது, மரணம் 12 சதவீதம் குறைந்திருந்தது. மேல் அழுத்தத்தில் இறங்கியதோ சராசரியாக 3.3 புள்ளிதான்! பி.பி. மெஷினில் கண்ணுக்கே படாத வித்தியாசம், ஆயிரக்கணக்கானவர்களிடம் சேர்ந்தபோது உயிர்க்கணக்கில் தெரிந்தது. நம் நாட்டில், தெலங்கானாவின் சித்திப்பேட்டை மாவட்டத்தில் 502 பேரிடம் நூற்றில் 30 பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சோதித்தபோது மேல் அழுத்தம் 4.6 புள்ளி இறங்கியது.

இந்தக் ‘குறைசோடிய உப்பு’ இங்கே இரண்டு வேலை செய்கிறது: சோடியம் குறைகிறது, பொட்டாசியம் கூடுகிறது. பொட்டாசியம் சிறுநீரகத்தைச் சோடியத்தைக் கைவிடத் தூண்டும். மதகில் தூர் வாருவது போல. கீரை, வாழைப்பழம், இளநீர், பருப்பு இவற்றில் இருப்பதும் இதே பொட்டாசியம்தான். மேலை நாடுகளில் உப்பின் பெரும்பகுதி பேக்கரி ரொட்டியிலும் தொழிற்சாலை உணவிலும் ஒளிந்து வருகிறது. அங்கே கம்பெனிகளைத் திருத்தினால்தான் உண்டு. பிரிட்டன் 2003இல் தொடங்கி ரொட்டி முதலானவற்றில் உப்பைச் சிறுகச் சிறுகக் குறைக்க வைத்து, 2011க்குள் சராசரியை 9.5 கிராமிலிருந்து 8.1க்குக் கொண்டுவந்தது. நமக்கோ பெரும்பகுதி வீட்டு அடுப்பில்தான் சேர்கிறது. டப்பாவில் உள்ளதை மாற்றும் வழி நமக்கென்றே அமைந்தது போல இருக்கிறது.

அயப்பாக்கத்து விஞ்ஞானிகள் பிடித்திருப்பதும் இந்த நூலைத்தான். சரண் முரளி தலைமையில் பஞ்சாபிலும் தெலங்கானாவிலும் மூன்று ஆண்டுத் திட்டமொன்று நடக்கிறது: ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கு உப்பைக் குறைப்பது பற்றிச் சுகாதாரப் பணியாளர்கள் மூலம் முறையாக ஆலோசனை சொன்னால் பலன் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அதோடு அவர்கள் செய்த இன்னொரு வேலை மிக எளியது. அதனாலேயே மிக உபயோகமானது. சென்னையில் 300 கடைகளுக்குப் போய், குறைசோடிய உப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

2025இல் வெளிவந்த அந்தக் கணக்கின்படி 28 சதவீதக் கடைகளில்தான் இருந்தது. சூப்பர் மார்க்கெட்டுகளில் பாதிக்குச் சற்று மேல், 52 சதவீதம். சிறு மளிகைக் கடைகளில்? நூற்றுக்கு நான்கு. விலை 100 கிராமுக்குச் சராசரி 5 ரூபாய் 60 காசு. சாதா அயோடின் உப்பு 2 ரூபாய் 70 காசு. கிலோவுக்கு 29 ரூபாய் வித்தியாசம். மாதத்துக்கு இரண்டு டீக்குக் கிட்டத்தட்ட. விலை தடைதான். ஆனால் பெரிய தடை அந்த நான்கு சதவீதம். கொரட்டூரிலும் பட்டாபிராமிலும் தெருமுனைக் கடையில் சொல்லி அனுப்பி உப்பு வாங்குகிறவருக்கு, அலமாரியில் இல்லாத பொருள் உலகத்திலேயே இல்லாத பொருள்.

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத சங்கதியும் அல்ல. 2014 ஜூனில் தமிழ்நாடு உப்பு நிறுவனம் ‘அம்மா உப்பு’ கொண்டுவந்தபோது மூன்று வகையில் ஒன்று குறைசோடிய உப்புதான். கிலோ 21 ரூபாய். ராமநாதபுரம் கடற்கரையில் உப்பு எடுக்கும் அரசு நிறுவனம் கையில் இருக்கிறது, ஊர்தோறும் ரேஷன் கடை இருக்கிறது, வீட்டுக்கே பி.பி. மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கிறது. மாத்திரையோடு அந்த உப்பையும் சேர்க்க ஏன் யோசிக்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

ஓர் எச்சரிக்கையை மட்டும் சுருக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களை இளநீர் குடிக்காதே என்று டாக்டர் தடுப்பார்; பொட்டாசியத்தை அவர்களால் வெளியேற்ற முடியாது, அது ரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும். குறைசோடிய உப்பும் அவர்களுக்கு அதே காரணத்தால் ஆகாது. 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோரை அந்தப் பரிந்துரையிலிருந்து விலக்கியிருக்கிறது. பி.பி. மாத்திரைகளிலும் சில பொட்டாசியத்தை ஏற்றும். நெடுநாள் சர்க்கரைக்காரர்கள் கிரியாட்டினின் பார்த்துவிட்டு, டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவதே சரி. இந்த உப்பு ஆகாதவர்களுக்குப் பழைய உப்பையே குறைத்துப் போடுவதுதான் வழி.

இந்துப்பு குறைசோடிய உப்பில் சேராது. நிறம் வேறு, விலை வேறு. உள்ளே பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடு. கல் உப்பும் அப்படியே. ஒரு வித்தியாசம் உண்டு: கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் ஒரு கரண்டி கல் உப்பின் எடை ஒரு கரண்டி தூள் உப்பைவிடக் குறைவு. கல் உப்பில் பழகிய கை, அதே அளவில் தூள் உப்பை அள்ளினால் அன்றைக்கு உப்பு கூடிப்போகும்.

‘வெயில்ல வேலை செய்யறவங்களுக்கு உப்பு வேணாமா?’ என்று தொழிற்பேட்டையில் கேட்பார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெரோம் கான் என்ற அமெரிக்க மருத்துவர் இதை ஆராய்ந்தார். வெக்கையில் சில நாள் பழகியதும் உடம்பே வியர்வையில் போகும் உப்பைச் சிக்கனப்படுத்திக்கொள்கிறது. உலைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்பவருக்குத் தனிக் கணக்கு இருக்கலாம். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பில் போடுகிறவர் அந்தக் கணக்கைக் கடன் வாங்கக் கூடாது.

நாக்கு ஒத்துக்கொள்ளுமா? 1982இல் வெளியான ஒரு சோதனையில், உப்பு குறைந்த சாப்பாட்டில் சில மாதம் இருந்தவர்களுக்குப் பழைய அளவே கரிக்கத் தொடங்கியது. உப்புச்சுவைக்கு நாக்கு பிடித்துவைத்திருக்கும் அளவு நிரந்தரமானதல்ல; ஆனால் மாற ஓரிரு மாதம் கேட்கும். ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் கலகம்தான் மிஞ்சும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தால் யாருக்கும் தெரியாது. புளியும் எலுமிச்சையும் உப்பின் குறையை ஓரளவு மறைக்கும். பொரியலை இறக்கும்போது மேலாகத் தூவினால் குறைந்த உப்பே நாக்கில் முதலில் படும். குழம்பில் குறைத்ததை அப்பளமும் மோர் மிளகாயும் திருப்பிக் கொடுத்துவிடாமல், இரண்டில் ஒன்றோடு நிறுத்தலாம். அப்பளத்தில் உப்பு போக அப்பளக்காரமும் உண்டு, அதுவும் சோடியம்தான். பாக்கெட் தின்பண்டத்தில் ‘சோடியம் 800 மி.கி.’ என்று இருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள்: 2 கிராம் உப்பு.

அடுத்த உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேல் பேனாவால் தேதியை எழுதிவையுங்கள். தீர்ந்த அன்று எத்தனை நாள் வந்தது என்று எண்ணுங்கள். அடுத்த பாக்கெட் அதைவிட ஐந்து நாள் கூட வரட்டும். அண்ணாச்சியிடம், குறைசோடிய உப்பு இரண்டு பாக்கெட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கேட்கிறவர் இருந்தால் அவர் வாங்கி வைப்பார்.